லிட்டில் இந்தியாவில் சுற்றுப்பயணிகள் எங்கே போகிறார்கள்? படங்களின் இடக்குறியை வைத்து வரைந்த வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்?

மல்லிகைச்சரம்

வணக்கம். முதுநிலை ஆய்வுக்காக சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்கு ஒரு சுற்றுப்பயணி வரைபடம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். மக்கள் பொதுவில் ஏற்றும் படங்களோடு இடக்குறியாக அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரும் அல்லவா, அவற்றை எடுத்து வட்டாரத்தின் மேல் பரப்பினால் எந்தத் தெருவில் எப்போது கூட்டம் என்று தெரியும் என்பது எண்ணம். 2010ல் எரிக் ஃபிஷர் உலக நகரங்களுக்கு வரைந்த வரைபடங்களைப் பார்த்ததிலிருந்து இந்த ஆசை. ஒரு நகரத்தில் ஒரு மாதமோ அதற்கு மேலோ படம் எடுத்துக்கொண்டிருந்தவரை உள்ளூர்க்காரர் என்று நீலத்தில் காட்டினார். வேறு ஊர்க்காரராகத் தெரிந்து, ஒரு மாதத்துக்குள் படம் எடுப்பதை முடித்துக்கொண்டவர் சுற்றுப்பயணி, சிவப்பு. இரண்டிலும் சேராதது மஞ்சள். நானும் அதே விதியைத்தான் வைத்திருக்கிறேன்.

தரவு, யாஹூ 2014ல் ஆய்வாளர்களுக்காக வெளியிட்ட, ஃபிளிக்கர் படப் பகிர்வுத் தளத்தின் தொகுப்பு. சுமார் 100 மில்லியன் படங்களும் காணொளிகளும் கொண்டது. அதில் ஏறக்குறைய பாதிக்கு இடக்குறி உண்டு. சிங்கப்பூர் எல்லைக்குள் விழுவதை மட்டும் பிரித்தெடுத்தேன்.

சிக்கல் இதுதான். கெர்பாவ் ரோட்டில் இருக்கும் டான் டெங் நியா வீடு, அந்தப் பல வண்ண வீடு, செக்கச் செவேலென்று தெரிகிறது. வீரமாகாளியம்மன் கோயில் வாசலும் அப்படியே. தேக்கா சந்தை மங்கல். முஸ்தஃபா சென்டர் என்ற பெரிய பல்பொருள் கடை இருக்கும் சையது ஆல்வி ரோட்டில் பெயருக்கு நாலைந்து புள்ளிகள். அங்கே ஒரு மாலை நடந்து பார்த்தவர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஊரிலிருந்து வரும் நம் உறவினர்கள் முதலில் கேட்பதே முஸ்தஃபாதானே. மேற்பார்வையாளரோ, "கண்ணால் பார்த்தேன் என்று எழுத முடியாது, தரவில் காட்டு" என்கிறார்.

வரைபடம் தப்பா, அல்லது நான் அதைப் படிக்கும் விதம் தப்பா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகிழக்குப்_பாதை

பின்தொடர்கிறேன். எனக்கும் இதில் நிறையச் சந்தேகம் உண்டு, பிறகு எழுதுகிறேன்.

புள்ளிக்கோலம்

இந்த வகைத் தரவோடுதான் என் வேலை. முஸ்தஃபா கேள்விக்குப் போகுமுன் நீங்கள் தரவைச் சுத்தம் செய்தீர்களா என்று பார்த்துவிடலாம். பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கும்.

முதலில், எதை எண்ணினீர்கள்? படங்களையா, ஆட்களையா? ஒரே ஆள் கோயில் கோபுரத்தை நின்ற இடத்தில் நின்று நூறு படம் எடுத்து அத்தனையையும் ஏற்றியிருப்பார். படங்களை எண்ணினால் அவர் ஒருவரே ஒரு கூட்டமாகிவிடுவார். ஒரு ஆள், ஒரு இடம், ஒரு நாள் என்றால் அது ஒன்று. அன்றைக்கு எத்தனை படம் எடுத்தாலும் ஒன்றுதான். புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும் திரட்சிகளைக் கண்டுபிடிக்க டிபிஸ்கேன் என்ற கணினி முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதிலேயே பி-டிபிஸ்கேன் என்று ஒரு வகை உண்டு, சுற்றியுள்ள புள்ளிகளை எண்ணாமல் அவற்றின் சொந்தக்காரர்களை எண்ணும். படத் தரவுக்காகவே செய்தது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தைப் பாகையில் கணக்கிடாமல் சிங்கப்பூரின் ஆயத்தொலைவு முறையான எஸ்விஒய்21க்கு மாற்றிவிட்டு மீட்டரில் கணக்கிடுங்கள்.

அடுத்தது துல்லியம். ஃபிளிக்கரில் ஒவ்வொரு இடக்குறிக்கும் 1 முதல் 16 வரை ஒரு துல்லிய அளவு இருக்கும். 16 என்றால் தெரு, 11 வாக்கில் நகரம். அந்தக் காலத்தில் பல பேர் ஜிபிஎஸ் இல்லாத கேமராவில் எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் வரைபடத்தில் கையால் இழுத்து வைத்தார்கள். "லிட்டில் இந்தியா" என்ற எழுத்து எங்கே தெரிந்ததோ அங்கேயே போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஒரே ஆயத்தொலைவில், கடைசி இலக்கம் வரை மாறாமல், பல பேருடைய படங்கள் குவிந்திருந்தால் அது இடம் இல்லை, இடத்தின் பெயர். அதை நீக்குங்கள். இன்ஸ்டகிராம் மாதிரி தளங்களில் இது இன்னும் மோசம். "சிங்கப்பூர்" என்று மட்டும் குறித்த அத்தனை படமும் ஒரே புள்ளியில் போய் உட்காரும்.

மூன்றாவது நேரம். கேமரா கடிகாரம் பயணியின் சொந்த ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கும். இந்தியாவிலிருந்து வந்தவருடைய படம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் நிற்கும். ஐரோப்பியருடையது ஆறேழு மணி நேரம். இதைப் பிடிக்க சிங்கப்பூரில் ஒரு வசதி உண்டு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கு விடியும், 7 மணிக்கு இருட்டும். வெளியில் எடுத்த ஒரு படத்தில் வானம் கருநீலமாகி விளக்கெல்லாம் எரிகிறது, ஆனால் நேரம் 4.45 என்று இருக்கிறது என்றால் அந்தக் கேமரா இந்திய நேரத்தில் ஓடுகிறது. ஒரு ஆளின் நாலைந்து படத்தைப் பார்த்தாலே அவருடைய மொத்தப் பயணத்தையும் திருத்திவிடலாம்.

ஏபிஐ வழியாக, அதாவது தளத்திலிருந்து நிரல் மூலம் நேரடியாக எடுக்கும் தரவில் இன்னொரு தொல்லை. நேரம் பல சமயம் உலகப் பொது நேரமான யூடிசியில் வரும். நம் ஞாயிறு காலை 7 மணி அங்கே சனிக்கிழமை இரவு 11. லிட்டில் இந்தியாவில் ஞாயிறு என்பது வேறு உலகம் என்று உங்களுக்கே தெரியும். கிழமையைக் கலந்துவிட்டால் எல்லாம் போச்சு.

கடைசியாக, தொகுப்பின் வயது. அது 2014ல் முடிந்துவிட்டது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தது 2015 மே மாதம். டௌன்டவுன் ரயில் பாதையில் லிட்டில் இந்தியா, ரோச்சோர் நிலையங்கள் வந்தது 2015 டிசம்பர். அதற்கு முன்னால் வடகிழக்குப் பாதை மட்டும்தான். ஆக மக்கள் வட்டாரத்துக்குள் நுழையும் வாசலே மாறிவிட்டது. ரோச்சோர் சென்டரின் வண்ண வண்ண அடுக்குமாடி புளோக்குகள் உங்கள் வரைபடத்தில் ஒரு திரட்சியாகத் தெரியும், பாருங்கள். அந்தக் கட்டடங்களை இடித்தாயிற்று.

மல்லிகைச்சரம்

ரோச்சோர் சென்டர் இருக்கிறது அண்ணே! ஏன் அங்கே சிவப்பு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஆள்-நாள் கணக்குக்கு மாற்றிப் பார்த்துவிட்டேன். கோயில் வாசல் கொஞ்சம் அடங்கியது. டான் டெங் நியா வீடு அடங்கவே இல்லை. முஸ்தஃபா பக்கம் மாற்றமே இல்லை.

தேக்கா_நடை

தங்கச்சி, நான் உரிமம் பெற்ற சுற்றுப்பயண வழிகாட்டி. கணினி விஷயம் தெரியாது. ஆனால் அந்தத் தெருக்களில் யார் எங்கே நிற்பார்கள், எங்கே நிற்காமல் போவார்கள் என்பது தெரியும். உங்கள் வரைபடம் பொய் சொல்லவில்லை. அது ஒரு வகைப் பயணியைப் பற்றி மட்டும் பேசுகிறது.

ஐரோப்பியக் குழு ஒன்றைக் கூட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பஃப்ளோ ரோட்டில் பூக்கடையைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். மாலை கட்டுகிற கையைப் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பார்கள். வாழைப்பூ, முருங்கைக்காய், வெற்றிலை எல்லாமே படம். அப்புறம் டான் டெங் நியா வீடு. அங்கே நான் பேசுவதை யாரும் கேட்க மாட்டார்கள், அத்தனை பேரும் கேமராவும் கையுமாக இருப்பார்கள். 1900ல் கட்டிய வீடு, ஒரு சீன வணிகருடையது, இந்த வட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் கடைசிச் சீன மாளிகை என்று சொல்லி முடிப்பதற்குள் கதவுக்குக் கதவு நின்று எடுத்துத் தள்ளிவிடுவார்கள். அங்கிருந்து கோயில். முஸ்தஃபா? பெரும்பாலும் உள்ளேயே போக மாட்டார்கள். போனாலும் படம் எடுக்க அங்கே என்ன இருக்கிறது, அடுக்கி வைத்த சோப்பும் சாக்லெட்டும்தானே.

இப்போது திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒரு குடும்பம் வருகிறது என்று வையுங்கள். பூக்கடை முன்னால் அவர்கள் கேமராவைத் தொடக்கூட மாட்டார்கள். முருங்கைக்காயைப் படம் எடுக்கவா விமானம் ஏறி வந்தார்கள்? காளியம்மன் கோயிலில் கையெடுத்துக் கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். அவர்கள் படம் எடுப்பது மெர்லயன் முன்னால், கரையோரப் பூந்தோட்டங்களில், செந்தோசாவில். இரவு சாப்பாட்டுக்கும் முஸ்தஃபாவுக்கும் திரும்ப இங்கே வருவார்கள். இரவு 10 மணிக்குக்கூடப் பெட்டியோடு வந்து தைலம், வாசனைத் திரவியம், சாக்லெட், கடிகாரம் என்று வாங்குவார்கள். ஒரு நாளில் நாலைந்து மணி நேரத்தை லிட்டில் இந்தியாவில் கழித்திருப்பார்கள், ஒரு படம் இருக்காது. இருந்தாலும் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் போகும். அதை யார் எண்ணுவது?

உங்கள் வரைபடத்தில் சிவப்பாக இருப்பது, யாருக்கு இந்த இடம் புதிதாகத் தெரிந்ததோ அவர்கள். இந்த இடம் பழகிய மாதிரி இருந்ததால் கேமராவை வெளியே எடுக்காதவர்கள் அதில் இல்லை. சைனாடவுனில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலிலும் இதையே பார்க்கிறேன். வெள்ளைக்காரர்கள் கோபுரத்துக்கு எதிரே நிற்பார்கள், நம்மவர்கள் நேரே உள்ளே போய்விடுவார்கள்.

புள்ளிக்கோலம்

அக்கா சொன்னதுதான் முக்கியமான விஷயம். நான் எழுதியது வெறும் சுத்தம் செய்யும் வேலை. இது சுத்தம் செய்து தீர்கிற பிரச்சினை இல்லை.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இடக்குறி என்பது கேமரா நின்ற இடம், கேமரா பார்த்த இடம் இல்லை. மரினா பே சாண்ட்ஸை முழுசாகப் படம் எடுக்க எதிர்க்கரையில் நிற்க வேண்டும். அந்தப் படமெல்லாம் மெர்லயன் பூங்காவில்தான் புள்ளியாக விழும். மரினா பே சாண்ட்ஸின் புள்ளிகளிலோ 57வது மாடிக் கூரையும் கீழே இருக்கும் கடைத்தொகுதியும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். உயரத்தை வரைபடம் காட்டாது. முஸ்தஃபாவும் பல தளம், உள்ளே ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காது. அங்கே எடுத்த படம்கூட சிராங்கூன் ரோட்டுக்கு நடுவில் போய் விழுந்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை

எண்ணிக்கையை வைத்துப் பேசுவோம். சிங்கப்பூருக்கு 2024ல் வந்த அனைத்துலக வருகையாளர்கள் 16.5 மில்லியன். முதலிடம் சீனா, சுமார் 3.08 மில்லியன். அடுத்து இந்தோனேசியா, சுமார் 2.49 மில்லியன். மூன்றாவது இந்தியா, சுமார் 1.2 மில்லியன். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் தரவைப் பாருங்கள். சீனாவிலிருந்து வருபவர் படம் போடுவது சியாவ்ஹோங்ஷூவிலும் வீசாட்டிலும். இன்ஸ்டகிராம் அங்கே 2014லிருந்து முடக்கத்தில் இருக்கிறது. அதாவது முதலிடத்தில் இருக்கும் நாடு உங்கள் தரவில் கிட்டத்தட்ட இல்லை. மூன்றாமிடத்து நாட்டைப் பற்றி மேலே அக்கா சொல்லிவிட்டார். ஃபிளிக்கரில் யார் அதிகம்? நல்ல கேமரா வைத்திருந்த மேலை நாட்டவர்.

இன்னொன்று. உங்கள் வரைபடத்தைப் பயணத்துறைக் கழகத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் கவனம். தரை வழியாக வரும் மலேசியர்களை அந்த எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆனால் ஜொகூரிலிருந்து காலையில் வந்து, தேக்காவில் சாமான் வாங்கி, சாயங்காலம் திரும்புகிற குடும்பம் படம் போட்டால் உங்கள் தரவில் வரும். அதுவும் எப்படி வரும்? பொங்கலுக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு தரம் வந்திருப்பார். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் பல மாத இடைவெளி. உங்கள் ஒரு மாத விதி அவரை உள்ளூர்க்காரர் என்று நீலத்தில் போட்டுவிடும்.

சரி, இவ்வளவும் சொன்னதால் இந்த முறையே வீண் என்று ஆகாது. 2008ல் ஃபாபியன் ஜிரார்டன் குழு ரோம் நகரில் ஃபிளிக்கர் படங்களையும் கைத்தொலைபேசி வலையமைப்புத் தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அந்த வழிதான் சரி. ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டாவதாக ஒன்றைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். இங்கே நிலப் போக்குவரத்து ஆணையம் மாதா மாதம் ஒவ்வொரு எம்ஆர்டி ரயில் நிலையத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் மணிவாரியாக எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினார்கள் என்று வெளியிடுகிறது. அதில் சுற்றுப்பயணி யார் என்று பிரித்திருக்காது. ஆனாலும் முஸ்தஃபாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபேரர் பார்க் நிலையத்தின் இரவு நேர எண்ணிக்கையை உங்கள் வரைபடத்தின் இரவுப் புள்ளிகளோடு வைத்துப் பாருங்கள்.

வடகிழக்குப்_பாதை

நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். இதை விட்டுவிடுங்கள் என்பேன். நல்ல தரவு வரும் குழாயெல்லாம் அடைபட்டுவிட்டது. இன்ஸ்டகிராம் 2018ல் ஏபிஐயை இறுக்கியது. ட்விட்டர் 2019ல் துல்லிய இடக்குறியை எடுத்தது, 2023ல் இலவச ஏபிஐயையும் நிறுத்தியது. ஃபோர்ஸ்குவேரின் நகர வழிகாட்டிச் செயலியை 2024 டிசம்பரில் மூடிவிட்டார்கள். மிஞ்சியிருப்பது பத்து வருடப் பழைய படங்கள். அவற்றை வைத்து இன்றைய லிட்டில் இந்தியாவைப் பற்றி எழுதினால், பிற்பாடு யாராவது அதை நம்பி நடைபாதையை அகலப்படுத்துவதா, எங்கே அறிவிப்புப் பலகை வைப்பது என்று முடிவு எடுத்துவிடுவார்கள். தெருவில் நின்று எண்ணுங்கள். அதுதான் நேர்மையான வேலை.

கணக்குப்பிள்ளை

விட்டுவிட வேண்டியதில்லை. எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று பிரிக்க வேண்டும்.

2013ல் 31 நாடுகளில் 836 இடங்களை எடுத்துக்கொண்டு, ஃபிளிக்கரின் ஆள்-நாள் எண்ணிக்கையையும் அந்த இடங்களில் உண்மையாகப் பதிவான வருகையாளர் எண்ணிக்கையையும் ஒப்பிட்டார்கள். பொருந்தி வந்தது. ஆனால் அவையெல்லாம் இயற்கைப் பூங்காக்கள், பொழுதுபோக்கு இடங்கள். அங்கே வருபவர் பெரும்பாலும் சுற்றிப் பார்க்கத்தான் வருகிறார், கேமராவும் வெளியே வரும். நம் ஊரிலேயே 2015ல் ரிச்சர்ட்ஸும் ஃபிரீஸும் சிங்கப்பூரின் அலையாத்திக் காடுகளில் எடுத்த படங்களின் உள்ளடக்கத்தைப் பார்த்து, மக்கள் அங்கே எதற்காகப் போகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். அதே முறையை சிராங்கூன் ரோட்டில் போட்டால் தடுமாறும். கோயிலும் கடையும் வேலையும் வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஒரே நடைபாதையில் பயணியும் நடக்கிறார், காய்கறிப் பையோடு அந்த புளோக்கில் குடியிருக்கும் பாட்டியும் நடக்கிறார்.

ஞாயிறு_மாலை

எல்லோரும் நல்லா எழுதுறீங்க. நான் வேலை அனுமதியில் இருப்பவன், புதுக்கோட்டைப் பக்கம். ஒரு விஷயம் சொல்லத் தோன்றியது.

இந்த ஒரு மாதக் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது. புதிதாக ஊரிலிருந்து வருகிற தம்பிகள் முதல் சில ஞாயிறுகளில்தான் படமாகப் போடுவார்கள். மெர்லயன், மரினா பே, தேக்கா, எம்ஆர்டிக்குள் நிற்பது, எல்லாம் பொதுவில் ஃபேஸ்புக்கில் போகும். ஊரில் பார்க்கட்டும் என்றுதான். அப்புறம் வேலை, கூடுதல் நேர வேலை, தூக்கம் என்று ஆகிவிடும். போடுவது நின்றுவிடும். இங்கே வருடக்கணக்கில் இருப்பான், ஆனால் கணினிக்கு அவன் முதல் மாதத்தோடு ஊருக்குத் திரும்பிப் போனவன். அதாவது சுற்றுப்பயணி.

இன்னொன்று மனதுக்குக் கஷ்டமான விஷயம். எங்கள் தங்குவிடுதி ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது. இரவில் அங்கே ஒரு புள்ளி, ஞாயிறு மதியம் தேக்காவில் ஒரு புள்ளி. இரண்டையும் கோடு போட்டு இணைத்தால் அது யார் என்று எங்கள் மேற்பார்வையாளருக்கே தெரிந்துவிடும். ஞாயிறு எங்களுக்கு இருக்கிற ஒரு நாள். அன்றைக்கு எங்கே இருந்தோம், யாரோடு இருந்தோம் என்பது யாருடைய வரைபடத்திலும் வர வேண்டாம்.

மல்லிகைச்சரம்

அண்ணா, எழுதியதற்கு மிகவும் நன்றி. நீங்கள் சொன்ன கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. சட்டப்படி என்று பார்த்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012, பொதுவில் கிடைக்கும் தகவலுக்குச் சம்மதம் கேட்பதிலிருந்து விலக்குத் தருகிறது. பல்கலைக்கழக நெறிமுறைப் படிவத்தில் அதைத்தான் எழுதியிருந்தேன். அது போதாது என்று இப்போது நினைக்கிறேன்.

புள்ளிக்கோலம்

போதவே போதாது. ஒன்றரை மில்லியன் பேரின் கைத்தொலைபேசித் தரவை வைத்து 2013ல் வந்த ஓர் ஆய்வு, நான்கே நான்கு இட-நேரப் புள்ளிகள் இருந்தால் 95 விழுக்காட்டினரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. பெயரை நீக்கிவிட்டோம் என்பதெல்லாம் பாதுகாப்பே இல்லை. உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா 2017 நவம்பரில் பெயர் எதுவும் இல்லாமல் ஓடுபவர்களின் வெப்ப வரைபடத்தைத்தான் வெளியிட்டது. 2018 ஜனவரியில் பார்த்தால் பாலைவனத்து ராணுவ முகாம்களின் உள்பாதைகள் அதில் பளிச்சென்று தெரிந்தன. ஆளில்லாத இடத்தில் ஒரே ஒரு கோடு இருந்தாலே போதும், காட்டிக்கொடுத்துவிடும். நம் தங்குவிடுதிகளும் அப்படி ஒதுங்கி இருப்பவைதான்.

சிங்கப்பூரில் இது மக்களுக்கு மறக்கிற விஷயமும் இல்லை. கொவிட் தொடர்புகளைத் தடமறியும் டிரேஸ்டுகெதர் செயலியின் தரவைக் காவல்துறை குற்ற விசாரணைக்குப் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் தெரியவந்தபோது எவ்வளவு பேச்சு எழுந்தது! அடுத்த மாதமே ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். ஒரு காரணத்துக்காகத் திரட்டிய இடத் தகவல் வேறு காரணத்துக்குப் போவது மக்களை உறுத்தும்.

என்ன செய்யலாம் என்றால், தனி ஆளின் பாதைக் கோடுகளை வெளியிடவே வேண்டாம். கணினியில் கணக்குக்கு மட்டும் வைத்திருந்து பிறகு அழித்துவிடுங்கள். கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவான ஆட்கள் இருந்தால் அதை வெறுமையாக விடுங்கள். இரவு நேரப் புள்ளிகளை, அதிலும் லிட்டில் இந்தியாவுக்கு வெளியே இருப்பவற்றை, ஆரம்பத்திலேயே தூக்கிவிடுங்கள். உங்கள் கேள்விக்கு அவை தேவையும் இல்லை.

கூன்செங்_வாசி

வரைபடம் வெளியான பிறகு என்ன ஆகும் என்பதையும் யாராவது பேச வேண்டும். ஜூ சியாட் பக்கம் கூன் செங் ரோட்டில் அந்த வண்ணப் பெரனாக்கான் வீடுகள் இருக்கின்றனவே, அதற்குப் பக்கத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். வாசல் படியில் உட்கார்ந்து, கதவில் சாய்ந்து, சாலை நடுவில் நின்று படம் எடுக்கிறார்கள். ஒருவர் போட்ட படத்தைப் பார்த்து அடுத்தவர் வருகிறார், அவர் போட்டதைப் பார்த்து இன்னொருவர். ஃபோர்ட் கேனிங்கில் அந்த மரத்தடிப் படிக்கட்டுக்கு வரிசை நிற்பதும் இப்படித்தான். இதன் மேல் "அதிகம் படம் எடுக்கப்படும் இடங்கள்" என்று ஒரு வரைபடமும் வந்தால் சிவப்பு இன்னும் சிவக்கும். தயவுசெய்து குடியிருப்பு வீடுகளைத் துல்லியமாகக் காட்டாதீர்கள்.

மல்லிகைச்சரம்

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு ஆய்வின் அமைப்பையே மாற்றி எழுதியிருக்கிறேன். சரியா என்று பாருங்கள்.

தலைப்பு "சுற்றுப்பயணிகள் செல்லும் இடங்கள்" என்று இருந்தது. "படம் எடுத்துப் பொதுவில் பகிரப்பட்ட இடங்கள், 2014 வரை" என்று மாற்றிவிட்டேன். சிவப்பு, நீலம் இரண்டையும் எடுத்துவிட்டேன். ஒரு மாத விதியை வைத்து யாரையும் சுற்றுப்பயணி, உள்ளூர்க்காரர் என்று பிரிப்பதில்லை. இந்த வரைபடம் முதல் பாதி.

இரண்டாம் பாதி, தெருவில். படத் தரவு எங்கே மங்கலாக இருக்கிறதோ, ஆனால் எம்ஆர்டி தரவும் வழிகாட்டிகளின் அனுபவமும் கூட்டம் என்று சொல்கின்றனவோ, அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே நின்று மக்களிடம் பேசப் போகிறேன். தைப்பூசத்தையும் தீபாவளி ஒளியூட்டு வாரங்களையும் தனியாகப் பிரித்துவிட்டேன். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்குக் காவடி போகும் ஒரு நாள், சாதாரண மாதத்தை மறைத்துவிடுகிறது.

வடகிழக்குப்_பாதை சொன்ன மாதிரி தெருவில் நின்று எண்ணுவது மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கே நிற்பது என்பதை வரைபடத்தின் வெற்றிடங்கள்தான் சொல்லின.

வடகிழக்குப்_பாதை

இந்த அமைப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். வெற்றிடங்களை வரைபடத்தில் வெள்ளையாக விடாதீர்கள். வெள்ளை என்றால் அங்கே யாரும் இல்லை என்று படிப்பார்கள். "படத் தரவு போதாது" என்று கோடிட்ட சாம்பல் நிறம் கொடுங்கள், குறிப்பு விளக்கத்தில் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.

மல்லிகைச்சரம்

செய்கிறேன். தேக்கா_நடை அக்கா, ஒரே ஒரு கேள்வி. முஸ்தஃபா பக்கம் எந்த முனையில், எந்த நேரத்தில் நிற்கட்டும்? என்ன கேட்கட்டும்?

தேக்கா_நடை

சிராங்கூன் ரோடும் சையது ஆல்வி ரோடும் சேரும் முனை, அங்குலியா பள்ளிவாசலுக்கு எதிர்ப்பக்கம். வார நாளில் இரவு 8 மணிக்கு மேல் போங்கள், ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் அப்போதுதான் வருவார்கள். ஞாயிறு வேண்டாம். அன்றைக்கு லெம்பு ரோடு வரைக்கும் ஊழியர்கள் கூட்டம், அவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டால் பயந்துவிடுவார்கள், மேலே அந்தத் தம்பி சொன்னதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் போகிறவரை நிறுத்தாதீர்கள், வாங்கிவிட்டு வெளியே வந்து கார் பிடிக்க நிற்பவரிடம் பேசுங்கள், அவருக்குத்தான் நேரம் இருக்கும். சென்னைப் பக்கமா, மதுரைப் பக்கமா என்று தமிழில் ஆரம்பித்தால் போதும், பேச ஆரம்பித்துவிடுவார்கள். "எங்கெல்லாம் போனீர்கள்" என்று கேட்டால் மெர்லயன், செந்தோசா என்று பெரிய இடங்களாகத்தான் சொல்வார்கள். "காலையில் எங்கே சாப்பிட்டீர்கள், மதியம் எங்கே, இப்போது எங்கே" என்று சாப்பாட்டை வைத்துக் கேளுங்கள், நாள் முழுவதும் நடந்த பாதை வந்துவிடும். தொலைபேசியைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். முதல் நாள் நானும் கூட வருகிறேன், நேரத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.